ஓரக்குறிப்பின் சரித்திரம்

சென்னை நகருக்கு மேற்கே பாடியில் தொடங்கி, அம்பத்தூரைக் கடந்து ஆவடிக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எழுந்த தொழிற்சாலைகளைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், முதலாளிகளின் முயற்சியையும் சர்க்காரின் திட்டங்களையும் தொழிற்சங்கங்களின் போராட்டங்களையும் விஸ்தாரமாகக் கூறுவதே வழக்கம். அத்தொழிற்சாலைகளுக்குள் நாள்தோறும் நிகழ்ந்துவந்த ஒரு சிறு காரியத்துக்கு அந்த வரலாறுகளில் இடம் கிடைப்பதில்லை. வரைந்து முடித்து, கையெழுத்தும் ஆகிவிட்ட ஒரு தஸ்தாவேஜின் ஓரத்தில், அதை வைத்துக்கொண்டு வேலை செய்கிற மனிதன் தன் அனுபவத்தில் கண்டதைப் பென்சிலால் குறித்துவைப்பதே அந்தக் காரியம். காகிதத்தின் மேல் நடந்துகொண்டிருந்த வரையில் இந்த வழக்கத்தைப் பற்றி யாரும் சிந்திக்கவில்லை. தஸ்தாவேஜுகள் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்த பிறகுதான், பென்சிலுக்கு அங்கே இடம் இல்லை என்பது தெரியவந்தது. அந்த இடத்தை மீண்டும் உண்டாக்கிக் கொடுக்க, கையடக்கக் கருவிகளைச் செய்தவர்கள் ஏராளமான பொருளும் காலமும் செலவிட நேர்ந்தது. ஆனால் கைக்குறிப்புக்கும் ஆபீஸ் தஸ்தாவேஜுக்கும் உள்ள பிணக்கு இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. அது கம்பெனியார் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

பூந்தமல்லி முதலிய பகுதிகள் அடங்கிய சீமையை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்ததைக் கைக்கொண்ட கம்பெனியாருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் ஏறக்குறைய 2000 கிராமங்களை அளந்தார். கிராமத்துக் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுத்தாணியால் எழுதிக்கொடுத்த விவரங்களில், நன்செய் புன்செய் எவ்வளவு, ஏரியும் தாங்கலும் எத்தனை, எந்தச் சாதியார்க்கு எத்தனை வீடு, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் விளைச்சலில் என்ன பங்கு என்பனவெல்லாம் இருந்தன; அவற்றின் சாரம் ஆங்கிலப் பேரேடுகளில் கட்டம் கட்டமாக ஏறிற்று. ஓலைக்காரன் கிராமத்தை அறிந்தவன். பேரேட்டுக்காரன் கட்டத்தை அறிந்தவன். கட்டத்தில் அடங்காதது ஓலையோடு நின்றுவிட்டது. ஆட்சி பேரேட்டை வைத்து நடந்தது; ஓலைகளோ இரண்டு நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, தரம்பால் என்ற காந்தியவாதி அறுபதுகளில் இந்தச் சர்வேயின் மேல் அறிஞர்களின் கவனத்தைத் திருப்பிய பிறகே மதிப்புப் பெற்றன. அவற்றில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கைக்குறிப்புக்கும் ஆபீஸ் தஸ்தாவேஜுக்கும் இந்த மண்ணில் நேர்ந்த முதல் சந்திப்பில் கைக்குறிப்பு தோற்றது என்றே நான் கொள்கிறேன்.

இரண்டாம் சந்திப்பு நிகழத் தொழிற்சாலைகள் வர வேண்டியிருந்தது. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பின் பத்தாண்டுகளில், பந்தல் போட்ட ஊரைச் சுற்றிலுமே யந்திரங்கள் முளைத்தது ஒரு விசேஷம். பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தார் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் மின்சாதனத்துக்கும் தனித்தனிக் கம்பெனிகள் கண்டார்கள். ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, விக்கர்ஸ் கம்பெனியின் வடிவமைப்பைக் கொண்டு அங்கே செய்த முதல் விஜயந்தா டாங்கி 1965 இறுதியில் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் சில்லறைப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்காகவே அமைந்ததுபோல, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அறுபதுகளில் உருவாயிற்று.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஓர் அம்சம் உண்டு. யந்திரத்தின் உடல் இங்கே உருவாயிற்று. அதன் ஜாதகமாகிய டிராயிங் சீமையிலிருந்து வந்தது. வந்த டிராயிங்குகளில் அளவுகள் அங்குலத்தில் இருந்தன. இந்தியாவோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கி, 1962 வாக்கில் அங்குலத்துக்கு விடைகொடுத்துவிட்டது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்ற வாய்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, அங்குல அளவின் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவைப் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் இப்படித்தான் வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை மாற்றுகையில் தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கத்தோடு நிறுத்துவது என்பது சாமானிய விஷயமன்று. தாராளமாக முழுமைப்படுத்திவிட்டால் தண்டு துளையில் நுழையாது, அல்லது நுழைந்த பிறகு ஆடும். எனவே அந்தப் பென்சில் குறிப்பை எழுதியவன் வெறும் எழுத்தனாக இருந்திருக்க முடியாது.

டிராயிங் ஆபீஸ் என்பது தொழிற்சாலையில் சத்தம் குறைந்த இடம். சாய்ந்த பலகை, டி-ஸ்குயர், செட்ஸ்குயர், இந்தியன் இங்க் ஊற்றிய பேனா இவற்றோடு அங்கே வேலை பார்த்த டிராப்ட்ஸ்மேன்கள், அம்பத்தூர் ஐ.டி.ஐ. போன்ற பயிற்சி நிலையங்களிலும், சத்தியமூர்த்தி நகரில் 1957-இல் தொடங்கிய முருகப்பா பாலிடெக்னிக்கிலும் கோடு இழுக்கக் கற்றவர்கள். மூலப்படம் ஒளி ஊடுருவும் டிரேசிங் காகிதத்தில் இருக்கும். தவறினால் பிளேடால் மசியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரையலாம். ஓரிடத்தைப் பல முறை சுரண்டினால் காகிதம் பொத்துப்போகும். மூலம் ஒருநாளும் பட்டறைக்குப் போவதில்லை. போவது அதன் நகல். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல நகலில் பின்னணி நீலமும் கோடு வெள்ளையுமாக இருக்கும். அதில் சிவப்புப் பென்சிலால் எழுதினால் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் மஞ்சள் பென்சிலால் எழுதுவார்கள். அல்லது சலவைச் சோடாவைக் கரைத்துப் பேனாவால் தொட்டு எழுதுவார்கள். சோடா பட்ட இடத்தில் நீலம் வெளுத்து, அச்சிட்ட கோட்டைப் போலவே வெள்ளை எழுத்தாகிவிடும். குறிப்பு தஸ்தாவேஜோடு ஒன்றாய்க் கலந்துவிடும் இந்தத் தந்திரத்தில் ஆபத்தும் இருந்தது: எது மூலம், எது பின்னால் சேர்த்தது என்று பிரித்தறிய இயலாது. பிற்காலத்தில் வந்த அமோனியா பிரிண்ட்டில் வெள்ளைக் காகிதத்தின் மேல் கோடுகள் ஊதாவாக விழும். அதன் காரமான நெடி மூக்கை அரித்தாலும், சிவப்புப் பென்சிலுக்கு ராஜ்யபாரம் கிடைத்தது அதனால்தான்.

சிவப்பு என்றால் திருத்தம் என்பது எழுதாத சட்டமாயிற்று. மாறிய அளவை ஒரே கோட்டால் அடித்து, பழைய அளவு படிக்கும்படியே இருக்க, பக்கத்தில் புதியதை எழுதி, சுற்றிலும் மேகம்போல் வளைத்துவிட்டு, கீழே முதலெழுத்தும் தேதியும் இட வேண்டும். இரண்டு மூன்று திருத்தம் சேர்ந்ததும் டிரேசிங்கையே மாற்றி, மூலையிலுள்ள கட்டத்தில் ரிவிஷன் ‘ஏ’, ‘பி’ என்று எழுத்தை ஏற்றி, புதுப் பிரிண்ட் எடுப்பார்கள். பழைய பிரிண்ட்டைத் திரும்பப் பெற்றுக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் லேத்தின் பக்கத்துப் பெட்டியில் எண்ணெய்க் கறையோடு மடித்து வைத்திருக்கும் பழைய பிரிண்ட்டை எந்த ஆபரேட்டரும் மனமுவந்து கொடுப்பதில்லை. எந்த முனையைக் கடைசியில் கடைய வேண்டும், எந்தத் துளையை ரீமர் போடாமல் விட்டால் பின்னால் வம்பு வரும் என்பனபோன்ற அவனுடைய வித்தை அதன் ஓரத்திலேயே இருந்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், இடையிடையே அம்புக்குறி, விட்டத்தைக் குறிக்கும் குறுக்குக்கோடிட்ட வட்டம், பிழையான எழுத்துக்கூட்டு எல்லாம் சேர்ந்த அந்தக் கலவையை எந்த இலக்கணக்காரரும் ஒப்பமாட்டார். பட்டறையில் அதைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. எழுத்தைப் பார்த்ததுமே இது இன்ன ஃபோர்மேனுடையது என்று சொல்லிவிடுவார்கள். குறிப்பின் அதிகாரம் அதன் வாசகத்தில் பாதியும் கையெழுத்தின் சாயலில் பாதியுமாக இருந்தது.

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை தன் முதல் வண்டியை வெளியிடுவதற்கு முன்பே, இந்தப் பலகைகளையும் பென்சில்களையும் ஒருசேர ஒழிக்கக்கூடிய வித்து அமெரிக்காவில் ஊன்றப்பட்டுவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லண்டு என்ற மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் தொட்டு வரையும் ஸ்கெச்பேட் என்னும் ஏற்பாட்டைத் தம் ஆராய்ச்சிக்காகச் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டிலேயே ராண்டு நிறுவனத்தார், மேஜைமேல் வைத்து எழுத, எழுதியது கம்ப்யூட்டருக்குள் போகும் ஒரு பலகையைச் செய்தனர். கையெழுத்தைக் கம்பிவழி அனுப்பும் ஆசை இவற்றுக்கும் மூத்தது; டெலிபோன் விவகாரத்தில் பெல்லிடம் தோற்ற எலிஷா கிரே, ஓரிடத்தில் எழுதினால் வேறோர் இடத்தில் ஒரு பேனா தானாக அதையே எழுதும் யந்திரத்துக்கு 1888-இலேயே உரிமை பெற்றுவிட்டார். இப்படி, கம்ப்யூட்டரில் வரைவது என்பது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டே தொடங்கியது. ஆயினும் 1982-இல் ஆட்டோகேட் வெளிவந்து, மேஜைக் கம்ப்யூட்டரின் விலையும் இறங்கி, வரைகலை சாமானியர்க்கு எட்டியபோது, வரைவோர் கைக்கு முக்கியமாகக் கிடைத்தவை மவுஸும் கீபோர்டுமே. டிராயிங் ஆபீஸ்களில் சாய்ந்த பலகைகள் அகன்றன. கோடு துல்லியமாயிற்று, நகல் சுத்தமாயிற்று, ஓரம் வெறுமையாயிற்று. பட்டறையிலிருந்து சிவப்புக் குறிப்போடு திரும்பும் பிரிண்ட்டை ஒருவர் படித்து, அர்த்தம் செய்து, கம்ப்யூட்டரில் தட்டி ஏற்ற வேண்டியிருந்தது. பர்னார்டின் பேரேட்டுக்காரன் மறு அவதாரம் எடுத்தான் என்று சொல்லலாம்.

இந்த நிலையில்தான் உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் வந்தன. 1993-இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட நியூட்டன், எழுதியதைப் படித்து அச்செழுத்தாக்குவேன் என்று வாக்களித்து, எழுதியதை வேறாகப் படித்துப் பரிகாசத்துக்கு உள்ளாகி, 1998-இல் மறைந்தது. 1996-இல் வந்த பாம் பைலட் மனிதனுடைய கையெழுத்தைக் கற்க மறுத்து, தன்னுடைய கையெழுத்தை மனிதன் கற்க வேண்டும் என்று விதித்தது; ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பெரும்பாலும் ஒரே இழுப்பில் எழுதும் கிராஃபிட்டி என்ற அந்த முறைக்கு ஜனங்கள் வியக்கத்தக்க விதத்தில் இணங்கினார்கள். இவ்விரண்டுக்கும் அப்பால், அதிகம் பேசப்படாத ஒரு முயற்சியே நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிராட் மையர்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பாம் கருவியை மேஜைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, கம்ப்யூட்டரில் ஓடும் பவர்பாயிண்ட் படத்தின் மேல் கையிலிருக்கும் சிறு திரையில் கிறுக்கினால் பெரிய திரையிலும் அக்கிறுக்கல் தோன்றும்படி செய்தார்கள். கிறுக்கலைப் படித்து அர்த்தம் செய்ய அந்த ஏற்பாடு முயலவில்லை. அதன் திரையோ அகலத்துக்கு 160 புள்ளி, உயரத்துக்கு 160 புள்ளி. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ-0 டிராயிங்கை அதில் பார்ப்பது நடக்கிற காரியமன்று. எனினும் தஸ்தாவேஜு ஓரிடத்திலும் குறிப்பெழுதும் கை வேறிடத்திலும் இருக்கலாம் என்ற கருத்து அங்கே சித்தியாயிற்று.

நம் தேசத்திலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசிரியர்கள் நால்வரும் என்கோர் என்ற கம்பெனியாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர், 2001-இல் முன்மாதிரியாகக் காட்சிக்கு வந்து, 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா என்ற பெயரோடு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் விலையில் கடைக்கு வந்தது. படிப்பறிவில்லாத கிராமத்தானும் உபயோகிக்க வேண்டும், ஒரே கருவியை ஊரார் பலர் தத்தம் ஸ்மார்ட் கார்டை நுழைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் லட்சியம். எழுதுகோலால் தன் கையெழுத்திலேயே ஒரு கடிதம் எழுதி, அச்செழுத்தாக மாற்றாமலே ஈமெயிலாக அனுப்பலாம் என்பது அதன் சிறப்புகளில் ஒன்று. கர்நாடக சர்க்கார் நிலப் பதிவேட்டு வேலைக்கு அதை ஈடுபடுத்திப் பார்த்தது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. மலிவான செல்போன் அதன் மார்க்கத்தை அடைத்துவிட்டது. சிம்ப்யூட்டரைத் தோல்வி என்று எழுதுவது இப்போது பத்திரிகை சம்பிரதாயம் ஆகிவிட்டது. கீபோர்டில் தன் பாஷையைத் தட்டத் தெரியாத தேசத்துக்குக் கையெழுத்தைக் கையெழுத்தாகவே அனுப்புவதுதான் குறுக்குவழி என்று அதைச் செய்தவர்கள் கண்டுகொண்டதை நான் அத்தனை எளிதாகத் தள்ளமாட்டேன்.

தமிழ்க் கையெழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்பிக்கும் வேலையும் அதே காலத்தில் அதே பெங்களூரில் நடந்தது. ஹெச்.பி. கம்பெனியின் ஆராய்ச்சிசாலையார் பலரைத் தமிழ் எழுத்துகளை எழுதச் செய்து மாதிரிகள் திரட்டி, 2006-இல் பிரான்சு தேசத்தில் கூடிய கையெழுத்து ஆராய்ச்சி மாநாட்டையொட்டி ஒரு போட்டிக்கு அளித்தனர். 247 எழுத்துகளையும் வழக்கிலுள்ள கிரந்த எழுத்துகளையும் பிரித்தும் சேர்த்தும் பார்த்து, 156 உருவங்களை அறிந்துகொண்டால் போதும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். கொம்பும் காலும் தனித்து நிற்கும் எழுத்துகளைக் கூறுபோட்டுவிடலாம் அல்லவா? இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இதே ஆராய்ச்சி தொடர்ந்தது. மரியாதைக்குரிய வேலைதான். ஆனால் பட்டறைக் குறிப்பில் ஒரே வரியில் தமிழ் எழுத்தும், ரோமன் எழுத்தும், பின்னமும், அம்பும் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. தனித்தனிக் கட்டத்தில் நிதானமாக எழுதிக்கொடுத்த மாதிரிகளைக் கற்ற யந்திரம் அந்தச் சந்தடியில் என்ன செய்யும்?

காரியம் கைகூடியது வேறொரு வழியில். 2002 இறுதியில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டேப்லட் கம்ப்யூட்டர், எழுதியதை உடனே அச்செழுத்தாக்கும் பிடிவாதத்தை விட்டு, பேனா சென்ற பாதையை மசியாகவே சேமித்தது. படிப்பது அவசியமானால் பின்னால் படித்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னதாகவே பி.டி.எஃப். தஸ்தாவேஜு முறையில், பக்கத்தின் மேல் மசிக்கோட்டைக் குறிப்பாக ஏற்றும் வசதி சேர்ந்துவிட்டது. கோடு சென்ற புள்ளிகள் வரிசையாகப் பதிவாகும். இட்டவர் பெயரும் நேரமும் உடன் சேரும். அடியிலுள்ள மூலம் தீண்டப்படாமல் இருக்கும். சோடாக் கரைசல் செய்த அபசாரத்தை இது செய்வதில்லை. டிரேசிங்கின் மேல் இன்னொரு டிரேசிங்கை விரித்து எழுதும் பழைய பழக்கமே இங்கே திரும்பி வந்தது. ஜப்பானிய வாக்கம் கம்பெனியாரின் பேனா, பலகையிலிருந்தே காந்தப்புலத்தால் சக்தி பெறுவதால் பேட்டரி இல்லாமல் எழுதிற்று. அதே வித்தையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது 2011-இல் சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி நோட். அந்த ஆண்டிலேயே, மசிக்கோட்டை எந்தக் கருவியும் படிக்கும்படி எழுதிவைக்கும் இங்க்எம்எல் என்ற பொது முறையை உலக வலைச் சம்மேளனம் அங்கீகரித்தது. கைக்குறிப்பைப் புரிந்துகொள்ளும் வேலையை யந்திரத்தினிடமிருந்து பிடுங்கி மனிதனிடமே திருப்பிக் கொடுத்ததால்தான் இத்தனையும் சாத்தியமாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

இன்று அம்பத்தூர்ப் பேட்டையில் கண்ணாடி மாளிகைகள் நிமிர்ந்து நிற்கின்றன. கடலுக்கு அப்பாலுள்ள கம்பெனிகளின் தஸ்தாவேஜுகள் அவற்றுக்குள் பார்வையிடப்படுகின்றன. அவற்றின் நிழலில் லேத்தும் மில்லிங்கும் சி.என்.சி.யுமாக ஜாப் ஒர்க் பட்டறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேனாவோடு கூடிய டேப்லட் அங்கே அபூர்வம். எண்ணெய்க் கைக்கும் கண்ணாடித் திரைக்கும் ஒத்துவருவதில்லை. நடப்பது வேறு. டிராயிங்கைச் செல்போனில் படம் பிடித்து, 2016-இல் வாட்ஸாப்பில் வந்த வரையும் வசதியைக் கொண்டு, சந்தேகமுள்ள அளவைச் சுட்டுவிரலால் சிவப்பாக வளைத்து, ஒரு கேள்விக்குறியும் போட்டு, வாடிக்கைக் கம்பெனியின் இன்ஜினியருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதில் ஒரு கட்டைவிரலாக வரும், அல்லது குரல்பதிவாக வரும். தரக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக ஐ.எஸ்.ஓ. 9001 விதிகளை வைத்துக்கொண்டு தணிக்கைக்கு வருகிறவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. படத்தின் மூலையிலிருந்த ரிவிஷன் கட்டம் பல சமயம் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். விரலால் இழுத்த கோட்டில் ஆளின் சாயலும் தெரியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஒப்புக்கொள்கிற டிஜிட்டல் கையொப்பமோ வேறு ஜாதி, அது கணிதத்தால் ஆனது, கையால் ஆனதன்று. ஆகவே விவரமறிந்த இன்ஸ்பெக்டர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, விரல்கோட்டின் பக்கத்தில் ஒத்துக்கொண்ட அளவைப் பேனாவால் எழுதி, முதலெழுத்தும் தேதியும் இட்டு, ஜாப் நம்பர் போட்ட ஃபைலில் கோத்துவிடுகிறார்கள். தணிக்கைக்காரர் கேட்டால் எடுத்துக்காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.